துருவத்து விலங்குகள் ஆண்டை எப்படிக் கடத்துகின்றன?

கேள்வி இதுதான்: ஆர்க்டிக், அண்டார்க்டிக் பகுதிகளில் வாழும் விலங்குகள் பருவம் மாறும்போது எப்படித் தாக்குப்பிடிக்கின்றன? குளிர்காலம் முழுக்க உறங்கிவிடுமா, அல்லது வேறு இடத்துக்குப் போய்விடுமா?

பறவைகளில் பெரும்பாலானவை போய்விடுகின்றன. பாலூட்டிகளில் உறங்குபவை மிகச் சிலவே. மற்றவை அங்கேயே நின்று நாளைக் கடத்துகின்றன. எப்படி என்று சொல்வதற்கு முன், குளிர்தான் அவற்றின் முதல் எதிரி என்ற எண்ணத்தை ஒதுக்கிவைத்துவிடுவது நல்லது. குளிரை அவை எப்போதோ வென்றுவிட்டன. ஒன்பது மாதம் உணவு அரிதாகக் கிடக்கும் இடத்தில், மீதி மூன்று மாதத்தைத் துல்லியமாகப் பிடித்துப் பயன்படுத்துவதுதான் அவற்றின் உண்மையான பாடு. இன்று நடக்கும் சேதங்களும் பெரும்பாலும் அந்தக் காலக்கணக்கு பிசகுவதால் வருபவையே.

குளிர் விஷயத்தை ஓர் எண்ணால் முடித்துவிடலாம். ஓய்வாக இருக்கும் ஒரு விலங்கு, உடல் சூட்டைக் காக்க வழக்கத்தைவிடக் கூடுதலாக ஆற்றலை எரிக்கத் தொடங்கும் வெப்பநிலை எல்லை ஒன்று உண்டு. ஆடையில்லாத மனிதருக்கு அது ஏறக்குறைய 28 டிகிரி செல்சியஸ். அந்த வகையில் நாம் அசல் வெப்பமண்டலப் பிராணிகள். நார்வேக்கு வடக்கே உள்ள ஸ்வால்பார்ட் தீவுகளின் துருவமானுக்கு அந்த எல்லை கோடையில் சுமார் மைனஸ் 15, குளிர்காலத்தில் சுமார் மைனஸ் 50. ஆர்க்டிக் நரிக்குக் குளிர்கால எல்லை மைனஸ் 40 அளவில் இருக்கிறது. ஸ்வால்பார்ட் கடலோரத்தில் மைனஸ் 30-க்குக் கீழே போகும் நாட்களே குறைவு. ஆகவே காற்று பலமாக அடிக்காத நாளில், வெட்டவெளியில் நிற்கும் மான் சூட்டுக்காகத் தனியாக எதையும் செலவழிப்பதில்லை.

இதைச் சாதிப்பது மயிர், கால், மூக்கு மூன்றும். துருவமானின் மயிர் ஒவ்வொன்றினுள்ளும் காற்றறைகள் இருக்கின்றன. அடியில் மெல்லிய கம்பளி. காலுக்கு இறங்கும் சூடான ரத்தக்குழாய்களும் மேலேறும் குளிர்ந்த குழாய்களும் ஒன்றையொன்று ஒட்டியே ஓடுவதால், இறங்கும் ரத்தம் தன் சூட்டை ஏறும் ரத்தத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் பாதத்தை அடைகிறது. உடல் 38, 39 டிகிரியில் இருக்க, குளம்புப் பக்கம் பத்து டிகிரியை ஒட்டிக் கிடக்கும். அந்தக் குளிரிலும் இறுகிவிடாமல் இருக்க, காலின் கீழ்ப்பகுதிக் கொழுப்பு உடம்பின் மற்ற கொழுப்பைவிடக் குறைந்த வெப்பநிலையில் உருகும் வகையைச் சேர்ந்தது. மூக்கினுள் சுருள்சுருளான மெல்லிய எலும்புத் தகடுகள் உண்டு; வெளிவிடும் மூச்சின் சூட்டையும் ஈரத்தையும் அவை பிடித்து வைத்துக்கொள்கின்றன. இவ்வளவு போர்த்தியிருப்பதன் தொல்லை நேர் எதிரானது: குளிர்காலத்தில் துரத்தப்பட்டு ஓடும் மானுக்கு உடல் கொதித்துவிடும், நாக்கைத் தொங்கவிட்டு இரைக்கும்.

இனிப் பசி. ஸ்வால்பார்டின் லாங்யியர்பியன் நகரம் 78 டிகிரி வட அட்சரேகையில் இருக்கிறது. அங்கே அக்டோபர் கடைசியில் மறையும் சூரியன் மறுபடி அடிவானத்துக்கு மேலே தலைகாட்டுவது பிப்ரவரி நடுவில். ஏப்ரல் 20 வாக்கில் தொடங்கி ஆகஸ்ட் 20-ஐத் தாண்டும்வரை சூரியன் மறைவதே இல்லை. புல்லும் குட்டைச் செடிகளும் பச்சையாக இருப்பது ஜூன் தொடக்கத்திலிருந்து ஆகஸ்ட் முடிவுவரை மட்டும். மான் கன்று ஈனுவது ஜூன் முதல் வாரத்தை ஒட்டி; பசுமை துளிர்க்கும் நேரத்தில் பால் சுரக்க வேண்டும் என்பதுதான் கணக்கு. பிறகு இரவு பகல் பாராமல் மேய்ச்சல். இலையுதிர்காலத்தில் பின்புறத்துக் கொழுப்பு சில மான்களில் பத்து சென்டிமீட்டர் கனத்துக்கு வந்துவிடும்.

அந்தக் கொழுப்பை மட்டும் நம்பிக் குளிர்காலத்தைத் தாண்ட முடியாது. அது தட்டுப்பாட்டுக்கான கைச்சேமிப்புதான். மான் வெண்பனியைக் குளம்பால் கிளறி, காய்ந்த புல்லையும் பாசியையும் தின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். இங்கே கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. அடைத்துவைத்து வேண்டிய அளவு தீனி போட்டாலும் இந்த மான் குளிர்காலத்தில் தானாகவே உணவைக் குறைத்துக்கொள்கிறது. பசியே பருவத்தைப் பார்த்து இறங்கிவிடுகிறது. வெளியில் கிடைப்பது மோசமான தீனி. அதைத் தேடி அலைந்தால் கிடைப்பதைவிடச் செலவு அதிகம். ஆகவே நடமாட்டத்தையும் குறைத்துக்கொண்டு, நின்றும் படுத்தும் நேரத்தைப் போக்குகிறது. எடை இறங்குவது திட்டமிட்ட இறக்கம், நோயின் அறிகுறி அல்ல. குளிர்காலத்தில் மெலிந்த மானைப் பார்த்துப் பரிதாபப்பட்டு வைக்கோல் போடத் துடிப்பவர்கள் இதை அறிந்திருக்க வேண்டும்: பாசிக்கும் காய்ந்த புல்லுக்கும் பழகிய இரைப்பை நுண்ணுயிர்கள் திடீரென்று வரும் புதுத் தீனியைச் செரிக்கத் தயாராக இருக்காது. வயிறு நிறைந்தபடியே மான் சாகலாம்.

மானின் கண்ணும் பருவத்துக்கு மாறுகிறது என்பது 2013-ல் வெளியான ஆய்வில் தெரிந்தது. விழித்திரைக்குப் பின்னால் ஒளியைத் திருப்பியனுப்பும் படலம் கோடையில் பொன்னிறம், குளிர்காலத்தில் ஆழ்ந்த நீலம். மாதக்கணக்கில் கண்பாவை விரிந்தே இருப்பதால் கண்ணுக்குள் அழுத்தம் ஏறி, படலத்தின் இழைகள் நெருங்கிவிடுகின்றன. நெருங்கினால் திரும்பும் ஒளி நீலமாகும், கண்ணுக்குள்ளேயே அதிகம் சிதறும், மங்கல் ஒளியிலும் பார்வை கூடும். கூர்மை கொஞ்சம் குறையும். இருட்டில் ஓநாயோ கரடியோ வருகிறதா என்று பார்க்க, கூர்மையைவிட ஒளி பிடிக்கும் திறன்தான் முக்கியம்.

பருவம் மாறுகிறது என்பதை இவை எப்படி அறிகின்றன? வெப்பநிலையை வைத்து அல்ல. ஜனவரியில் ஒரு வாரம் இளஞ்சூடு அடிக்கலாம், மே மாதத்தில் பனிப்புயல் வரலாம். அதை நம்பினால் கதை முடிந்தது. நம்பத்தக்கது பகலின் நீளம் ஒன்றே. கண்ணில் படும் ஒளியின் அளவு மூளைக்குப் போய், இரவு எவ்வளவு நீளமோ அதற்கேற்ப மெலடோனின் என்னும் ஹார்மோன் சுரக்கிறது. அது மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பியின் ஒரு பகுதி வழியாக மூளைக்குள் தைராய்டு ஹார்மோனின் அளவை ஏற்றி இறக்குகிறது. அதிலிருந்து பசி, இனப்பெருக்கம், மயிருதிர்ப்பு எல்லாம் கிளைபிரிகின்றன. மாதக்கணக்கில் இருட்டு அல்லது மாதக்கணக்கில் வெளிச்சம் என்றால் எதை அளப்பது என்று கேட்கலாம். அந்த நாட்களில் மானின் அன்றாடக் கடிகாரமே மங்கிவிடுகிறது: 24 மணி நேர ஒழுங்கின்றி, அசைபோடும் தேவைக்கேற்ப மேய்ந்து படுக்கிறது. ஆண்டுக்கணக்கைப் பிடிக்க முடிவது இடைப்பட்ட வாரங்களில். லாங்யியர்பியனில் பிப்ரவரி நடுவுக்கும் ஏப்ரல் 20-க்கும் இடையே பகல் பூச்சியத்திலிருந்து 24 மணி நேரமாகிறது; சராசரியாக ஒரு நாளுக்கு இருபது நிமிடத்துக்கு மேல் நீள்கிறது. இதைவிடத் தெளிவான அறிவிப்பு கிடைப்பது அரிது. அந்த வாரங்களில் உடலின் உள் கடிகாரம் சரிசெய்யப்பட்டுவிடும், மீதி மாதங்களை அது தானே எண்ணிக்கொள்ளும்.

ஸ்வால்பார்டில் குளிர்காலத்திலும் தங்கும் ஒரே தரைப்பறவை டார்மிகன். கௌதாரி போன்ற உருவம். இலையுதிர்காலத்தில் அதன் எடையில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு கொழுப்பாகிவிடும். குளிர்காலத்தில் வெள்ளை, கோடையில் பழுப்பு என்று இறகை மாற்றுகிறது. கனடாவின் ஆர்க்டிக்கில் பார்த்தால், வெண்பனி உருகிய பிறகும் ஆண் பறவைகள் சில வாரம் வெள்ளையாகவே நிற்கின்றன. பெட்டைகளைக் கவர அந்தப் பளிச்சிடல் உதவுகிறது, கழுகு வல்லூறு கண்ணிலும் படுகிறது. இணைசேர்ந்து முடிந்ததும் ஆண்கள் மண்ணில் புரண்டு வேண்டுமென்றே அழுக்காகிக்கொள்கின்றன, பழுப்பு இறகு முளைக்கும்வரை அதுதான் மாறுவேடம்.

ஆர்க்டிக் நரி சேமிப்பில் கெட்டிக்காரன். கோடையில் வாத்துக் கூட்டங்களிலிருந்து முட்டைகளையும் குஞ்சுகளையும் தூக்கிவந்து மண்ணில் புதைத்துவைக்கும். அடியில் எப்போதும் உறைந்த மண் என்பதால் பல மாதம் கெடாது. அதுவும் போதாவிட்டால் நடையைக் கட்டும். 2018-ல் கழுத்துப்பட்டையில் செயற்கைக்கோள் கருவியோடு ஸ்வால்பார்டில் புறப்பட்ட இளம் பெண் நரி ஒன்று, உறைந்த கடல் மேலும் கிரீன்லாந்துப் பனிப்பரப்பின் மேலும் நடந்து கனடாவின் எல்ஸ்மியர் தீவை அடைந்தது. 76 நாளில் 3,506 கிலோமீட்டர். ஒரே நாளில் அதிகபட்சம் 155.

நரி, பனி ஆந்தை, கீரியினத்து எர்மின் எல்லாவற்றின் வயிற்றையும் நிரப்புவது பெருநிலத் துந்திராவில் லெம்மிங் என்னும் எலிவகை. இது உறங்குவதில்லை, வெண்பனிக்கு அடியில் குடித்தனம் நடத்துகிறது. தரையிலிருந்து எழும் ஆவி வெண்பனியின் அடியடுக்கைச் சர்க்கரைபோல் உதிரியாக்கிவிட, அங்கே ஓர் இடைவெளி உருவாகிறது. மேலே மைனஸ் 30 என்றாலும், முழங்கால் ஆழத்துக்கு வெண்பனி இருந்தால் அடியில் பூச்சியத்துக்குச் சில டிகிரிகள் மட்டுமே கீழே. அங்கே புல்லால் கூடு கட்டி, பாசி தின்று, குளிர்காலத்திலேயே குட்டியும் போடுகிறது. கழுத்துப்பட்டை லெம்மிங் என்ற வகைக்குக் குளிர்காலத்தில் மயிர் வெளுப்பதோடு முன்னங்கால் நகங்கள் இரட்டை மண்வெட்டிபோலத் தடிக்கின்றன. வெண்பனி எவ்வளவு ஆழம் என்பதைவிட அது எப்படிப்பட்டது என்பதில்தான் இதன் உயிர் இருக்கிறது: நடுவில் ஒருமுறை மழை பெய்து உறைந்தால் அடிவெளி அடைபட்டுப்போகும்.

இனி உறக்கம். இதில் ஆர்க்டிக் தரை அணிலுக்கு இணையில்லை. அலாஸ்காவின் வடக்கில் அது ஆண்டுக்கு ஏழெட்டு மாதம் வளைக்குள். ஒரு மீட்டருக்குக் கீழே நிரந்தர உறைமண் என்பதால் ஆழமாகத் தோண்ட வழியில்லை; வளையைச் சுற்றியுள்ள மண்ணே மைனஸ் 10, அதற்கும் கீழே போகும். 1989-ல் வெளியான அளவீட்டில் அணிலின் வயிற்றுப்பகுதி மைனஸ் 2.9 டிகிரிவரை இறங்கியிருந்தது. பாலூட்டிகளில் அறியப்பட்ட மிகக் குறைந்த உடல் வெப்பநிலை அது. ஆனாலும் ரத்தம் உறைவதில்லை. பனிக்கட்டிப் படிகம் உருவாக ஒரு தொடக்கப்புள்ளி வேண்டும். அப்படிப்பட்ட துகள்கள் உடல் திரவத்தில் இல்லாமல் பார்த்துக்கொண்டால் உறைநிலைக்குக் கீழேயும் நீர் நீராகவே நிற்கும். மைனஸ் மூன்றைத் தாண்டவிடாமல், தோளருகே உள்ள, சூடு தருவதற்கென்றே இருக்கும் பழுப்புக் கொழுப்பை மெல்ல எரித்துக் காவல் காக்கிறது. வளர்சிதை வேகம் இயல்பில் நூற்றில் ஒன்றிரண்டு பங்கு, இதயம் நிமிடத்துக்குச் சில துடிப்பு.

இரண்டு மூன்று வாரத்துக்கு ஒருமுறை நடுங்கி நடுங்கி 36, 37 டிகிரிக்கு ஏறி, ஒரு நாளுக்கும் குறைவான நேரம் சூடாக இருந்துவிட்டு மீண்டும் இறங்குகிறது. குளிர்காலச் செலவில் பெரும்பங்கு இந்த இடைச்சூட்டுக்கே போகிறது. அவ்வளவு செலவழித்து எழுந்து என்ன செய்கிறது? மூளை அலைகளைப் பதிவுசெய்து பார்த்தபோது, தூங்குகிறது. அந்தக் குளிர்ந்த நிலை உறக்கமே அல்ல. அதில் மூளை நரம்புகளின் கிளைகள் சுருங்குகின்றன, சூடேறும்போது சில மணி நேரத்தில் மறுபடி தழைக்கின்றன. ஆண் அணில் வசந்தத்தில் முன்கூட்டியே விழித்து, வளைக்குள் சேர்த்துவைத்த உணவைத் தின்றபடி சில வாரம் இருட்டிலேயே கிடக்கிறது. விந்தணு உருவாக உடல் தொடர்ந்து சூடாக இருந்தாக வேண்டும் என்பதே காரணம். பெண் விழித்து வெளியே வந்த சில நாளில் சினையாகிவிடும். 25 நாளில் குட்டி. இலையுதிர்காலத்துக்குள் அந்தக் குட்டி கொழுத்துத் தன் வளையை அடைய வேண்டும்.

பனிக்கரடி உறங்கும் என்று பலரும் நம்புகிறார்கள். சினைக்கரடி மட்டுமே குளிர்காலம் முழுதும் பொந்தில் கிடக்கும். மற்றவற்றுக்கு அது வேட்டைக்காலம். கரடிக்குப் பஞ்சம் வருவது கோடையில். கனடாவின் ஹட்சன் விரிகுடா மேற்குக் கரையில், சர்ச்சில் ஊரை ஒட்டி, கடலின் பனிக்கட்டி ஜூலை வாக்கில் உருகுகிறது, நவம்பரில் மறுபடி உறைகிறது. அந்த இடைவெளியில் கரையேறிய கரடிக்குச் சீல் கிடைக்காது. நாளொன்றுக்கு ஏறக்குறைய ஒரு கிலோ இளைக்கிறது. முட்டை, பழம், கரையொதுங்கிய பிணம் என்று எதைத் தின்றாலும் சீலின் கொழுப்புக்கு ஈடாகாது. ஆண்டின் பெருவிருந்து ஏப்ரல், மே மாதங்களில், வளையச் சீல்கள் வெண்பனிக் குகைகளில் குட்டி போட்டு அவை கொழுக்கும் நேரத்தில். அப்போது சதையைக்கூட விட்டுவிட்டுக் கொழுப்பை மட்டும் உரித்துத் தின்னும் கரடிகள் உண்டு. மிச்சம் நரிக்கு.

இணைசேர்வதும் அந்த வசந்தத்தில்தான். ஆனால் கருமுட்டை உடனே கருப்பையில் பதிவதில்லை. மாதக்கணக்கில் மிதந்து, இலையுதிர்காலத்தில் தாயின் கொழுப்பு போதுமானால் மட்டுமே ஒட்டிக்கொள்கிறது. போதாவிட்டால் அந்த ஆண்டு குட்டி கிடையாது, தாய் பிழைத்துக்கொள்ளும். சினைக்கரடி நவம்பர், டிசம்பர் வாக்கில் பொந்துக்குள் 600 கிராம் அளவில் குட்டி ஈனுகிறது, பெரும்பாலும் இரண்டு. மூன்றில் ஒரு பங்கு கொழுப்புள்ள பால் குடித்து, மார்ச், ஏப்ரலில் வெளியே வரும்போது அவை பத்துப் பன்னிரண்டு கிலோ. ஹட்சன் விரிகுடாத் தாய்க்கோ, கோடையில் கரையேறியதிலிருந்து எண்ணினால் எட்டு மாதம் வரை பட்டினி. கரடியின் மயிர் ஒளியிழைபோலச் சூரிய ஒளியைத் தோலுக்குக் கடத்துகிறது என்றொரு செய்தி இன்னும் சுற்றிவருகிறது. 1990-களிலேயே சோதித்துப் பொய் என்று காட்டியாயிற்று. அந்த மயிர் வழியே ஒளி அதிக தூரம் போவதே இல்லை.

தெற்கே அண்டார்க்டிக்கில் தரை விலங்கு என்று சொல்ல ஏறக்குறைய ஒன்றும் இல்லை; எல்லாம் கடலை நம்பி. அங்கே எம்பரர் பென்குயின் மட்டும் தலைகீழாகக் குளிர்காலத்தில் முட்டையிடுகிறது. முரட்டுத்தனமாகத் தோன்றினாலும் கணக்கு நேரானது. அடைகாக்க இரண்டு மாதம், குஞ்சு வளர ஐந்து மாதம். குஞ்சு கடலில் இறங்கும்போது கோடை நடுவாக, இரை மலிந்திருக்க வேண்டும். டிசம்பரிலிருந்து பின்னோக்கி எண்ணினால் முட்டையிடும் நாள் மே, ஜூனில் விழுகிறது. முட்டையைப் பாதத்தின் மேல் வாங்கிக்கொண்ட ஆண், ஏறக்குறைய 64 நாள் அடைகாக்கிறது. குடியிருப்புக்கு வந்த நாளிலிருந்து கணக்கிட்டால் 115 நாள் அளவுக்குப் பட்டினி. எடையில் ஐந்தில் இரண்டு பங்கு போய்விடும். ஆயிரக்கணக்கில் நெருங்கி நிற்கும் கூட்டத்தின் நடுவே சூடு 37 டிகிரிவரை ஏறியது அளக்கப்பட்டிருக்கிறது. அவ்வளவு சூட்டைப் பொறுக்க முடியாது, கூட்டம் கலையும், பிறகு சேரும். ஒரு நெருக்கம் இரண்டு மணி நேரம்கூட நீடிப்பதில்லை. பெண் திரும்பத் தாமதமானால், பொரித்த குஞ்சுக்கு ஆண் தன் உணவுக்குழாயில் சுரக்கும் பால்போன்ற பொருளைக் கொடுத்துச் சில நாள் ஓட்டும்.

அடேலி பென்குயின் வேறு வழி. கோடையில் குஞ்சு பொரித்துவிட்டு, குளிர்காலத்தில் பகல் வெளிச்சம் எட்டும் பனிக்கட்டி விளிம்புக்குப் போய்விடுகிறது. இரையைக் கண்ணால் பார்த்துப் பிடிப்பது அது. ராஸ் கடலின் பறவைகள் ஆண்டுக்குச் சராசரி 13,000 கிலோமீட்டர் இப்படிச் சுற்றுகின்றன. வெட்டல் சீல் அதிகம் நகர்வதில்லை. கடல்நீர் மைனஸ் 1.9-க்குக் கீழே போகாது, காற்றோ மைனஸ் 40. ஆகவே நீருக்குள் இருப்பதே சுகம். மூச்சுத் துளை உறைந்து மூடாதபடி பல்லால் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். பல் தேய்ந்தால் துளை மூடும், அத்தோடு ஆயுளும் முடியும்.

இடம்பெயரும் பறவைகளில் ஆர்க்டிக் ஆலா புகழ்பெற்றது. நூறு கிராம் எடை. கிரீன்லாந்தில் கருவி கட்டிப் பார்த்ததில் ஆண்டுக்குச் சராசரி 70,900 கிலோமீட்டர். இரு துருவக் கோடையையும் அனுபவித்து, மற்ற எந்த உயிரையும்விட அதிகப் பகலைப் பார்க்கிறது. நமக்கு நெருக்கமானவை உள்ளான்கள். கோடியக்கரையிலும் மன்னார் வளைகுடாவிலும் குளிர்காலத்தில் சேற்றைக் குத்தும் கொசு உள்ளான் போன்றவை சைபீரியத் துந்திராவில் முட்டையிடுபவை. அங்கே அவற்றுக்குக் கிடைப்பது பூச்சிகள் பெருகும் சில வாரங்கள் மட்டும். குஞ்சுகள் தாமே இரை பொறுக்கும் என்பதால் பெற்றோர் முன்னதாகவே கிளம்பிவிடுகின்றன. நம் கரைக்கு ஆகஸ்டிலேயே வருபவை முதிர்ந்த பறவைகள், இளசுகள் பின்னால் வருகின்றன. ஏப்ரலில் இங்கிருந்து புறப்படும்போது அங்கே பனி உருகிவிட்டதா என்று அவற்றுக்குத் தெரியாது. பகல் நீளமும் உடம்பின் உள் கடிகாரமும் சொன்னால் கிளம்ப வேண்டியதுதான்.

பிசகு நுழையும் இடமும் இதுதான். பகலின் நீளம் மாறவில்லை, பனியின் தேதி மாறிவிட்டது. ரஷ்யாவின் தைமிர் தீபகற்பத்தில் வெண்பனி முப்பது ஆண்டுகளாக ஆண்டுக்கு ஏறக்குறைய அரை நாள் வீதம் முந்தி உருகுகிறது. அங்கே பொரிக்கும், உள்ளான் இனத்துச் சிவப்பு நாட் பறவைக் குஞ்சுகளுக்குப் பூச்சிகளின் உச்ச நாட்கள் தவறிப்போய், உடல் சிறுத்து, அலகும் குட்டையாகிறது. குளிர்காலத்துக்கு அவை போவது மேற்கு ஆப்பிரிக்காவின் மௌரித்தேனியக் கரைக்கு. அங்கே நல்ல சிப்பிகள் ஆழமான மணலில். குட்டை அலகுக்கு எட்டுவதில்லை. சைபீரியாவில் நேர்ந்த குறைபாட்டுக்கு ஆப்பிரிக்காவில் உயிர் போகிறது.

மானுக்கு ஆபத்து மழை. குளிர்காலத்தில் வெண்பனி மேல் மழை பெய்து உறைந்தால், தரையில் கண்ணாடிபோல் பனிக்கட்டி படிகிறது. குளம்பால் உடைக்க முடியாது, புல் இருந்தும் எட்டாது. ரஷ்யாவின் யமால் தீபகற்பத்தில் 2013 நவம்பரில் இப்படி நடந்து, மான் மேய்க்கும் நெனெட்ஸ் மக்களின் மந்தைகளில் ஏறக்குறைய 61,000 மான்கள் பட்டினியால் மடிந்தன. ஸ்வால்பார்டில் அப்படிப்பட்ட குளிர்காலங்களில் மான்கள் கடற்கரைக்கு இறங்கிக் கடற்பாசி தின்கின்றன. அதிகம் தின்றால் வயிற்றுப்போக்கு, ஆனாலும் உயிர் நிற்கும். 2019-ல் அங்கே இருநூறுக்கும் மேற்பட்ட மான்கள் செத்துக் கிடந்தது செய்தியானபோது, இனமே அழிகிறது என்று எழுதினார்கள். அது அவசரத் தீர்ப்பு. 1925-ல் வேட்டை தடைசெய்யப்பட்ட பின் எண்ணிக்கை ஏறி, இன்று சுமார் 22,000. நீண்ட கோடையும் சூடான இலையுதிர்காலமும் அதிகக் கொழுப்பைத் தருகின்றன. பனிக்கட்டிக் குளிர்காலம் அதைப் பறிக்கிறது. இரண்டில் எது வெல்கிறது என்பது பள்ளத்தாக்குக்குப் பள்ளத்தாக்கு வேறுபடுகிறது.

கரடிக்கும் பென்குயினுக்கும் அந்த ஈடுகட்டல் இல்லை. மேற்கு ஹட்சன் விரிகுடாக் கரடிகள் 2016 கணக்கெடுப்பில் 842, 2021-ல் 618. பனிக்கட்டி இல்லாத காலம் 1980-களைவிட மூன்று வாரம் அளவுக்கு நீண்டுவிட்டது. மேலும் மூன்று வாரப் பட்டினி என்றால் கூடுதலாக இருபது கிலோ போகிறது. 2022-ல் அண்டார்க்டிக்கின் பெல்லிங்ஷௌசன் கடல் பகுதியில் ஐந்து எம்பரர் குடியிருப்புகளில் நான்கின் அடியிலிருந்த பனிக்கட்டி, குஞ்சுகளுக்கு நீர்புகா இறகு முளைக்கும் முன்பே உடைந்தது. குஞ்சுகள் தப்பியிருக்க வழியில்லை.

கடிகாரத்தையே மாற்றிக்கொள்ளும் உயிர் உண்டா? தரை அணிலிடம் ஒரு தடயம் கிடைத்திருக்கிறது. அலாஸ்காவில் கால் நூற்றாண்டாகத் தொகுத்த பதிவுகள் 2023-ல் வெளிவந்தன. மண் சூடாவதால் பெண் அணில்கள் முன்பைவிடப் பத்து நாள்வரை முந்தி உறக்கம் முடிக்கின்றன. கொழுப்பு மிச்சமாகிறது, புதுத்தளிர் சீக்கிரம் கிடைக்கிறது. ஆண்களின் தேதி நகரவில்லை. இதுவரை ஆண்களே முன்னதாக விழித்துக் காத்திருந்ததால் இணைசேர்வதில் சிக்கல் வரவில்லை. அந்த இடைவெளி இப்போது சுருங்கிவருகிறது. பெண்கள் இன்னும் சில வாரம் முந்தினால், ஆணின் உடல் இனப்பெருக்கத்துக்குத் தயாராகும் முன்பே அவை மேலே வந்துவிடும்.